கங்காணியின் எடை

மூன்றே நாள் உபவாசத்தில் மாம்சத்தை மண்டியிட வைப்பதாகத் தேயிலைத் தோட்டத்துச் சர்ச்சில் அறிவித்தார் தேவசகாயம் கங்காணி. அத்தாட்சிக்காக, கொழுந்து நிறுக்கும் தராசில் எல்லோர் முன்னாலும் ஏறி நின்றார். தொண்ணூற்று இரண்டு கிலோ.

“மாம்சம் பயந்த மாதிரி தெரியலயே, கங்காணி!” என்றாள் கொழுந்து பறிக்கும் ரோசலின்.

“பொறுத்துப் பாரு லா.”

மூன்று நாளும் சர்ச்சுக்குள்ளேயே முழங்காலில் இருந்தார். பசிக்கவே இல்லை. சனிக்கிழமை மதியம் வெளியே வந்து, ஆளில்லாத கொழுந்துக் கொட்டகையில் அதே தராசின் மேல் ஏறினார். முள் பூஜ்யத்திலேயே நின்றது. மற்றவர்கள் இரண்டு கிலோ குறைந்தாலே சாட்சி சொல்ல எழுந்துவிடுவார்கள். தமக்கு முழுசாகவே போய்விட்டது. ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

கதவு திறந்திருந்தது. உள்ளே தேவசகாயம் கங்காணி உட்கார்ந்து மூன்றாவது தட்டு ஆட்டுக்கறிச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“ஊருக்கெல்லாம் உபவாசம்னு சொல்லிட்டு, மூணு நாளா இப்படித் தின்னுறீங்களே!” என்றாள் மனைவி எஸ்தர்.

“ஜெபத்துக்கு ஆளு போயிருக்கு. நீ கொழம்ப ஊத்து. கதவச் சாத்து லா, குளுருது.”

எஸ்தர் வாசலுக்கு வந்தாள். நின்றுகொண்டிருந்தவரின் முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

“பனி ரொம்ப எறங்கிருச்சுங்க,” என்று சொல்லித் தாழ்ப்பாள் போட்டாள்.