பின்னால் வருகிறவர்

"சீட்டுல மூணு பேர்னு இருக்கு. ரெண்டு பேர்தானே நிக்கிறீங்க?"

மலையடிவாரத்து அலுவலகத்தில் குமாஸ்தா இப்படிக் கேட்டதும் அக்கா பதறிப்போய்த் தங்கையைப் பார்த்தாள். தங்கை அசரவில்லை.

"எங்க அத்தான் பின்னால வர்றாருங்க. மெதுவாத்தான் நடப்பாரு."

குமாஸ்தா தலையாட்டி, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். அத்தான் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எல்லாம் தங்கை செய்த வேலை. அறுபது தாண்டியவர்களுக்கு மலிவு விலையில் மூன்று நாள் மலைநடை என்று விளம்பரம் வந்திருந்தது. மூன்று பேராகப் பதிந்தால் மூன்றாமவருக்குக் கட்டணம் கிடையாது, சுமை தூக்கவும் ஒரு ஆள் கிடைப்பார். மூட்டுவலிக்கார அக்காவால் பையோடு பத்தடி ஏற முடியாது. அதனால் அத்தான் பெயரையும் துணிந்து சேர்த்துவிட்டாள். இருந்தபோதுதான் ஒரு உபகாரமும் இல்லை, இப்போது பேராவது உதவட்டுமே என்பது அவள் கட்சி.

அதில் பொய்யும் இல்லை. அத்தானுக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் 'கைவீசி'. கடைக்கோ கல்யாணத்துக்கோ, இரண்டு கையையும் வீசிக்கொண்டு அவர் முன்னால் போவார். பையும் குழந்தையுமாக அக்கா பின்னால் ஓடுவாள். மலைக்கு ஒருமுறை போய் வரலாம் என்று அவள் எப்போது கேட்டாலும், "உன் மூட்டையை யார் தூக்கிட்டு வர்றது?" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். கேட்டுக் கேட்டே அவளுக்கு முழங்கால் தேய்ந்தது.

ஏற்பாடு எளிமையானது. காலையில் பைகளை வாசலில் வைத்துவிட வேண்டும். சுமைக்காரர் குறுக்குப் பாதையில் கொண்டுபோய் அடுத்த விடுதியில் சேர்த்துவிடுவார். இவர்கள் தண்ணீர் பாட்டிலும் கைத்தடியுமாகச் சுற்றுப் பாதையில் ஏறினால் போதும். அலுவலக வாசல் பெஞ்சில் பைகளை வைத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

முதல் திருப்பத்திலேயே அக்காவுக்குப் பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. நின்றாள். சத்தமும் நின்றது. நடந்தாள். அதுவும் நடந்தது.

"எதிரொலி அக்கா" என்றாள் தங்கை. ஆனால் அவளும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

மாலையில் விடுதிக்குப் போனபோது பைகள் அறைக்குள் இருந்தன. அடியில் ஒட்டியிருந்த சேற்றைக்கூட யாரோ துடைத்திருந்தார்கள். மூன்று கட்டில்களில் ஜன்னலோரக் கட்டிலின் விரிப்பு மட்டும் கசங்கி, தலையணை குழிந்திருந்தது. சுமைக்காரர் களைப்பில் கொஞ்சம் சாய்ந்திருப்பார் என்று சொல்லித் தங்கை சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலோரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஒருவரை அவளுக்குத் தெரியும்.

மறுநாள் மூடுபனி. மூன்று முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் அதே சருகுச் சத்தம். பாதி வழியில் அக்கா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இறங்கிடறேன்டி. செத்தவர் பேரைச் சொல்லி, பின்னால வர்றார்னு வேற சொல்லிட்டே. கோபத்தோட வர்றார்."

இத்தனை வருடம் ஏங்கிய மலையைப் பாதியில் விட்டுப் போவதை நினைத்து அவளுக்கு அழுகை முட்டியது. பனியைப் பார்த்து, "என்னங்க, தப்பா எடுத்துக்காதீங்க. என்னால சுமக்க முடியலைன்னுதான்..." என்றாள்.

தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, யோசிச்சுப் பாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அத்தான் என்னைக்காவது உனக்குப் பின்னால நடந்திருக்காரா?"

அக்கா யோசித்தாள். ஒருநாள்கூட இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அப்புறம் சத்தம் கேட்டபோது அது வெறும் எதிரொலியாகத்தான் பட்டது.

மூன்றாம் நாள் காலை. உச்சிக்கு இன்னும் ஒரே ஏற்றம்தான். பைகளை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தார்கள். வழக்கம்போலப் பைகள் போயிருந்தன. அந்த நேரம் கீழேயிருந்து ஒரு மனிதர், தோளில் வெறும் கயிற்றோடு, மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அம்மா, நான்தான் உங்களுக்குச் சுமை தூக்க வேண்டிய ஆளு. குமாஸ்தா என்னை ஊருக்குள்ள பார்த்துட்டு, வேலைக்குப் போகலையான்னு சத்தம் போட்டாரு. நீங்கதான் என் மேல தப்பில்லைன்னு சொல்லணும்."

தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்றீங்க? இப்பத்தானே பையை எடுத்துட்டுப் போனீங்க?"

"நான் எங்கேம்மா எடுத்தேன்? முதல் நாளே, நீங்க கிளம்பின கையோட ஐயா வந்து என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு. ரெண்டு பையையும் தோள்ல மாட்டிக்கிட்டு, 'மூட்டையை யார் தூக்குறதுன்னு கேட்டே அவளை எங்கேயும் கூட்டிட்டுப் போகாம இருந்துட்டேன், இந்தத் தடவை நானே தூக்குறேன்'னு சொல்லிட்டு, உங்களுக்கு முன்னாலயே போயிட்டாரும்மா."