குழுவில் ஒருத்தி

கிட்டே வாங்க கண்ணுகளா, குட்டிக் கதை ஒன்று சொல்கிறேன்.

அபிமானப் பாடகர் இறந்ததிலிருந்து அவரைப் பற்றி யார் என்ன அவதூறு எழுதுவார்களோ என்று என் அக்காவுக்கு ஒரே பதற்றம். ரசிகர் குழுவே கதியென்று கைபேசியோடு கிடந்தாள்.

"பாருடி, யாரோ எழுதியிருக்காங்க. ஈரத் துண்டைக் கட்டில்லயே போடுவாராம். குளிக்கிறப்போ பாடினா சுருதியே சேராதாம்!"

"விடுக்கா, வேலைக்கு நேரமாச்சு" என்றேன்.

"விடறதா? கூட இருந்து பாத்தியான்னு கேட்டுட்டேன். குழுவை விட்டே தூக்கறேன் பாரு!"

பதில் வந்தது.

"பத்தொன்பது வருஷம் கூட இருந்தேம்மா. நீங்க அவரைச் சாமிங்கறீங்க, மத்தவங்க திருடன்ங்கறாங்க. என் வீட்டுக்காரரைப் பத்திச் சாதாரணமாப் பேச எனக்கு யாருமே இல்ல."

நீக்கும் பொத்தானிலிருந்து அக்கா விரலை எடுத்தாள். பிறகு எழுதினாள்:

"சாப்பிட்டீங்களாம்மா?"

உங்கள் வீட்டிலும் இப்படிக் கேட்க ஆள் குறையாதிருக்கட்டும், கண்ணுகளா.