காந்தம் வைத்துப் பார்த்த வேன்

கடுகண்ணாவை ஏற்றத்தில் காலை வெயில் வேனின் துருவைச் சிவக்க வைக்கிறது. கட்டிலும் காஸ் அடுப்பும் பொருத்தி, பதினெட்டு வருடம் தானே ஓட்டிய அந்த வேனை விற்கத்தான் றலியா வியாபாரி இன்ஷாபை வரவழைத்திருக்கிறாள். அவன் உதட்டைப் பிதுக்குகிறான். பெயின்டுக்கு அடியில் காந்தம் பிடிக்காத பட்டிப் பசையை அப்பி ஓட்டைகளை மறைத்திருக்கிறார்களா என்று பார்க்க, சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் கதவில் வைக்கிறான். டக்கென்று ஒட்டுகிறது. மட்காட்டில் ஒட்டுகிறது. துருவேறிய விளிம்பிலும் ஒட்டுகிறது. "என்ன ராத்தா, ஒரு எடத்துலயும் பட்டி இல்லையே!" ஓட்டை விழுந்த இடமெல்லாம் சந்தியிலிருக்கும் வெல்டிங் பாஸைக் கூப்பிட்டுத் தகடு வெட்டி ஒட்டச் செய்தவளின் முதுகு நிமிர்கிறது. இழுத்தும் வர மறுக்கும் காந்தத்தைப் பிடுங்கி அவன் கையில் வைக்கிறாள். "இத நான் விக்கமாட்டேன் தம்பி. போற வழியில அந்த வெல்டிங் பாஸ வரச்சொல்லுங்க, இந்தத் துருப்பிடிச்ச விளிம்பயும் வெட்டி ஒட்டணும்."