பேர் வேண்டாம்

“பேர் சொல்லாதீங்கம்மா! இது ஜெப உதவி எண். இங்கே யாரும் பேர் சொல்லக் கூடாது. அதெல்லாம் கர்த்தருக்குத் தெரியும்.”

“சார், நான் ஆஸ்பத்திரியில நர்ஸ். ரொம்ப அவசரம். அங்கே ஒருத்தர்...”

“பதறாதீங்க. பதற்றம், அவிசுவாசத்தோட கூடப்பிறந்த தங்கச்சி.”

சொன்ன வாக்கியம் தனக்கே பிடித்துப்போக, ஜெபவீரர் அதைப் பக்கத்திலிருந்த தாளில் குறித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு ஆகும்.

‘ஜெபவீரர்’ என்பது அவருக்கு யாரோ கொடுத்த பட்டம். சுவரொட்டியில் பெரிய எழுத்தில் போட்டது அவர். அதன் கீழே இந்த எண்ணும், ‘முதல் மணியிலேயே எடுக்கப்படும்’ என்ற உறுதிமொழியும் இருக்கும். அதை அவர் ஒருநாளும் மீறியதில்லை. அதற்காகவே அந்த அறையில் செருப்புக்கு இடமில்லை, செல்போனுக்கு இடமில்லை, உதவியாளருக்கும் இடமில்லை. மேலிடத்தோடு பேசும்போது கீழிடம் குறுக்கிடக் கூடாதல்லவா?

“பிரச்சினையை மட்டும் சொல்லுங்க. சுருக்கமா.”

“பத்து வயசுப் பொண்ணு சார். ஸ்கூல்ல சுருண்டு விழுந்திருக்கு, டீச்சர்தான் தூக்கிட்டு வந்தாங்க. குடல்வால் எந்த நேரமும் வெடிக்கலாம். உடனே ஆபரேஷன் பண்ணணும். அம்மா வெளியூர்ல இருக்காங்களாம், லைனே கிடைக்கல. அப்பா கையெழுத்துப் போட்டாத்தான் டாக்டர் கத்தி வைப்பேங்கிறார். அந்த அப்பா போனை எடுக்கவே மாட்டேங்கிறார். அதுக்குத்தான் உங்களுக்கு...”

‘பத்து வயசு’ என்ற இடத்திலேயே ஜெபவீரர் கண்களை மூடிவிட்டிருந்தார். மிச்சத்தைக் கேட்பது கர்த்தரின் வேலை.

“பரம தகப்பனே!”

சபையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பழகிய குரல். நர்ஸ் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருக்க வேண்டும்.

“சார், ஒரு நிமிஷம். ஒரே ஒரு கேள்வி...”

“குறுக்கே பேசாதீங்க, ஜெபம் தடைபடும்!”

மறுமுனையில், எங்கோ பின்னால், ஒரு குழந்தை முனகியது. அது அவர் குரலை இன்னும் ஒரு படி ஏற்றியது.

“தகப்பனே, பெத்த பிள்ளை புழுவாத் துடிக்கிறப்ப போனை எடுக்காம உக்காந்திருக்கிற அந்த மனுஷனைப் பாரும்! அவனுக்கெல்லாம் அப்பான்னு ஒரு பேரா? எந்தச் சீட்டாட்டத்துல இருக்கானோ, எந்தக் குடிக்கடையில கிடக்கானோ! அவன் கல்நெஞ்சை நொறுக்கும்! அவன் இந்த நிமிஷமே போனை எடுக்கட்டும்! நம்பிக் கேட்கிறோம். கேட்டதைக் கொடுத்துட்டீர்னு நம்புறோம். ஆமென்!”

“ஆமென்” என்றாள் நர்ஸ், மெதுவாக.

ஜெபவீரர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இன்றைய ஜெபம் அமைந்துவிட்டது.

“தைரியமா இருங்கம்மா. அவன் போனை எடுத்தாச்சுன்னே வெச்சுக்குங்க.”

“எனக்கும் அப்படித்தான் சார் தோணுது. இந்த நம்பரைச் சொன்னதே அந்தக் குழந்தைதான். ‘ஏசப்பா, அப்பாவை எடுக்க வைங்க’ன்னு ஒரே வரி ஜெபம் பண்ணிட்டு, ‘செல்லுக்குப் பண்ணாதீங்க ஆன்ட்டி, எங்கப்பா இந்த நம்பரை மட்டும்தான் எடுப்பார்’னுச்சு. ஏன் சார், அங்கே போன் எடுக்கிறது நீங்க ஒருத்தர்தானா?”