முதலில் கேட்டவர்கள்

திருச்சூர் சுகாதார அலுவலகக் கூட்ட அறையில், அரசு மருத்துவ இணையதளத்தைப் பார்வையற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று சான்று தருவதற்காக, தானும் பார்வையற்றவளான விலாசினி உட்கார்ந்திருக்கிறாள். அவள் காதிலிருக்கும் ஹெட்போனில் கணினியின் குரல், "பொத்தான், பொத்தான், பெயரில்லாத பொத்தான்" என்கிறது. பொத்தான்களை விரலால் எண்ணி எண்ணி நகர்ந்து, இன்று வரவேண்டிய தன் பரிசோதனை முடிவையே திறக்கிறாள். "படம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, அதிலிருக்கும் எழுத்தைப் படிக்க முடியாமல் குரல் நின்றுபோகிறது. "இதுக்கா திணறுறீங்க சேச்சி? நான் படிக்கறேன்," என்று தளத்தைக் கட்டிய ஜோபின் அவள் தோள்மேல் கவிழ்கிறான். பழம்பொரி எண்ணெய் நாறும் மூச்சு அவள் கழுத்தில் படுகிறது. அவள் வேண்டாமென்பதற்குள் உரக்கப் படித்துவிடுகிறான்: "விலாசினி, முப்பத்தெட்டு வயசு. கர்ப்பம் உறுதி." அறை கைதட்டுகிறது. "லட்டு எங்கம்மா?" என்கிறது ஒரு குரல். பதினோரு வருடம் காத்திருந்த சேதி. அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைக்கிறாள். "நல்ல நேரம், கையெழுத்தப் போட்டுடுங்க," என்று அதிகாரி சான்றுப் படிவத்தை அவள் பக்கம் நகர்த்துகிறார். விலாசினி கழுத்தை முந்தானையால் அழுத்தித் துடைக்கிறாள். "பயன்படாதுன்னு எழுதுங்க சார். அதுக்கு வேணா போடறேன்," என்கிறாள்.