பதில் சொல்லும் சாவிக்கொத்து

குக்கர் மூன்று விசில் அடித்தும் மாடக்கண்ணு பதில் சொல்லவில்லை.

மங்களேஸ்வரி ஸ்டவ்வை அணைக்கக்கூடத் தோன்றாமல் சுவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மச்சுப் பலகையை ஒட்டினாற்போல புருஷன் மாடக்கண்ணுவின் படம், படத்துக்கு ஒரு காய்ந்த மாலை, அதே ஆணியில் அவனுடைய அம்பாசடர் டாக்சியின் சாவிக்கொத்து.

"கேட்டியா? ஒரு சத்தமும் இல்ல," என்றான் அவளுடைய அண்ணன் நல்லக்கண்ணு. மெட்ராஸில் போலீஸ் ஏட்டு. தங்கையைக் கையோடு கூட்டிப் போவதென்று வியாழக்கிழமையே வந்து உட்கார்ந்திருக்கிறான். "ஏட்டி, செத்தவன் பேசுதான், செத்தவன் பேசுதான்னு எத்தனை நாளைக்கு இங்கன கெடப்ப? நாளைக்குச் செங்கோட்டைக்காரரு காரை வெலைக்கு எடுக்க வருதாரு. சாவியைக் குடுத்துட்டு எங்கூட வா."

"அவிய பதில் சொல்லுததை நீ ஒரு தடவை கேட்டா இப்படிப் பேசமாட்ட அண்ணே."

அவள் பொய் சொல்லவில்லை. அந்தச் சாவிக்கொத்தில் சின்னதாக ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கியது. சிங்கப்பூர் சாமான். சாவியை எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துபோனால் ஒரு விசில் அடித்தால் போதும், 'பீப் பீப்' என்று தான் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும்.

மாடக்கண்ணு சரியான மறதிக்காரன். விடிந்தால் வீடு முழுக்க விசில் அடித்துக்கொண்டு அலைவான். சில நாள் அது குக்கர் விசிலுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடும், புருஷனும் பெண்டாட்டியும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

போன சீசனில் ஒரு பார்ட்டியை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனவன், நாமும் ஒரு குளியல் போட்டுவிட்டு வருவோம் என்று தண்ணீரில் இறங்கினான். வெள்ளம் வந்ததைக் கவனிக்கவில்லை. கீழே பாறை இடுக்கிலிருந்து தூக்கியபோது கால்சட்டைப் பையில் சாவிக்கொத்து அப்படியே இருந்தது.

கருமாதி முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு, பேருக்கு ஒரு பிடி அரிசியைக் குக்கரில் போட்டாள் மங்களேஸ்வரி. விசில் வந்தது. பின்னாலேயே படத்துப் பக்கமிருந்து 'பீப் பீப்' என்று பதில் வந்தது. அன்றைக்கு அவள் இரண்டு இலை போட்டுச் சோறு பரிமாறினாள்.

அதற்குப் பிறகு குக்கர் இல்லாமல் அவள் உலை வைத்ததே கிடையாது. ஒற்றை ஆளுக்கு எதுக்குட்டி குக்கர் என்று தெருவே கேட்டது. கேட்டுவிட்டுப் போகட்டும். அவளுக்கு வேண்டியது சோறா என்ன? அவனுடைய பதில். அது ஒவ்வொரு தடவையும் வராது, ஆனால் வந்துகொண்டிருந்தது. அண்ணன் வந்து இறங்கிய நாளிலிருந்து பாவி மனுஷன் வாயையே திறக்கவில்லை.

"கிறுக்குப் பிடிச்சிருக்கு இவளுக்கு," என்றான் நல்லக்கண்ணு.

"அப்படிச் சொல்லாதிய சார்."

குடத்தோடு வாசலில் நின்றாள் விஜயம் டீச்சர். தலைக்கு மேலே மச்சு வீட்டில் குடியிருப்பவள், ஊரில் மங்களேஸ்வரியைக் கேலி பேசாத ஒரே ஜீவன். "அக்கா சொல்லுதது நெசம்தான். எனக்கும் கேக்கும்," என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் பிடிக்காமலே மேலே ஏறிப் போய்விட்டாள்.

நல்லக்கண்ணு கொஞ்சம் இறங்கி வந்தான். "சரி, அந்தப் பெட்டிக்குள்ள செல்லு தீந்துருக்கும்னே வச்சுக்கிடுவோம். போய் மாத்திட்டு வா. ராத்திரிச் சோத்துக்குப் பதில் வரலைன்னா பேசாம கிளம்பிரணும்."

"வந்துட்டா?"

"நான் மட்டும் பஸ் ஏறுதேன். போதுமா?"

தேரடியில் அப்துல் ஜப்பார் பாயின் வாட்ச் கடை. அந்தச் சாவிக்கொத்தை மாடக்கண்ணு வாங்கியதும் அவரிடம்தான். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வெள்ளைப் பெட்டியைத் திறந்தவர், ஊசியால் உள்ளே கிளறிப் பார்த்தார்.

"இது எப்பம் நின்னுச்சு தங்கச்சி?"

"வியாழக்கிழமை பாய்."

"இருக்காதே. உள்ள பூரா பச்சை பூத்துக் கம்பியெல்லாம் அரிச்சுப் போயிருக்கு. அருவித் தண்ணி புகுந்த அன்னைக்கே இது செத்திருக்கும். அதுக்குப் பெறகு ஒரு பீப்புகூட வந்திருக்காது."

மங்களேஸ்வரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்படியானால் இத்தனை நாளும் பேசியது பெட்டி இல்லை. அவனேதான். பயமாகவும் இருந்தது, கூடவே தாங்கமுடியாத சந்தோஷமாகவும் இருந்தது. கட்டையில் போனவன் தன்னை விட்டுப் போகவில்லை. அண்ணன் வந்ததில் கோபித்துக்கொண்டு ஊமையாகிவிட்டான், அவ்வளவுதான்.

இனி அந்த ஏட்டு என்ன, ஐ.ஜி.யே ஜீப்பில் வந்து கூப்பிட்டாலும் தென்காசியை விட்டு அவள் நகரப் போவதில்லை. செங்கோட்டைக்காரர் வேறு கார் பார்த்துக்கொள்ளட்டும்.

"கொண்டாங்க பாய். எனக்குச் செல்லும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்," என்று சிரித்தபடி கையை நீட்டினாள்.

பாய் லென்ஸைக் கழற்றாமலே பெட்டியை மூடிக் கொடுத்தார்.

"வேணும்னாலும் அந்தச் செல்லு இப்பம் கையில இல்ல தங்கச்சி, மாடக்கண்ணு அண்ணாச்சி ஜோடியா வாங்குனதுல மத்தது உங்க மச்சு வீட்டு டீச்சர்கிட்டதான இருக்கு, அவியளும் வியாழக்கிழமை செல்லு தீந்துட்டுன்னு வந்து கேட்டுட்டு, அழுதுக்கிட்டே போனாவ."