வலது கால்

தமயந்தி கரும்பை நீளவாக்கில் பிளந்தாள். உள்ளே சிவப்பு. நடுநடுவே வெள்ளைத் திட்டுகள். புளித்த கள்ளின் வாடை. சந்தேகமே இல்லை, செவ்வழுகல்.

செருப்பைக் கழற்றிவிட்டு வயல் முழுக்க நடந்தாள். அவள் பாதங்களில் வளர்த்திருந்த நல்ல பூஞ்சை மண்ணில் இறங்கி, நோய்ப் பூஞ்சையைத் தின்றுவிடும். சுற்று வட்டாரத்தில் அப்படிப்பட்ட கால்கள் அவளுக்கு மட்டும்தான். காலில் சோப்போ மஞ்சளோ பட்டால் பூஞ்சை செத்துவிடும். மறுபடி வளர்க்க ஒரு வருடம் ஆகும்.

மறுநாள் அவளுக்கு நலங்கு. மாப்பிள்ளையின் அம்மா பவுனம்மா, கன்னத்திலும் கையிலும் மஞ்சள் பூசினார். காலுக்கு வந்ததும் மஞ்சள் கிண்ணத்தை நகர்த்திவிட்டார்.

"காலுக்கு வேணாம்மா. எங்க கரும்புலயும் செவ்வழுகல் வந்துருக்கு. நீ வந்து நடந்தாத்தான் உண்டு."

"அதானே பாத்தேன்," என்றாள் தமயந்தியின் சித்தி. "பொண்ணு கறுப்புன்னு சொல்லிட்டுப் போனவங்க திரும்பி வந்தீங்களேன்னு."

தமயந்தி கிண்ணத்தை இழுத்து, வலது பாதத்தில் மஞ்சளை அழுத்தித் தேய்த்தாள். பவுனம்மா அவள் கையைப் பிடித்தார்.

"என்னடி பண்றே?"

"வலது காலை வச்சுத்தானே அத்தே உங்க வீட்டுக்குள்ள வரணும்? அந்தக் கால் என்னோடது. இடது கால் கரும்புக்கு. நடை ரெண்டு மடங்காகும், நடந்துக்கறேன்."

பவுனம்மா அவள் கையை விட்டார். பிறகு கிண்ணத்தில் விரலைத் தோய்த்தார்.

"குதிகால் விட்டுப்போச்சு பாரு."